மேசன் தேர்வுக்கு முன் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிப் பாருங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் பெரியப்பாவுக்குக் கையுதவியாக நாலு வருசம் நின்றுவிட்டுத்தான் மேசன் வேலைக்கான என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) மூன்றாம் மட்டத் தேர்வுக்குப் போனேன். முதல் தடவை தேர்ச்சி கிடைக்கவில்லை, இரண்டாம் தடவைதான் கிடைத்தது. இனிப் போகிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வீடென்றாலும் மதிலென்றாலும் பெரும்பாலும் சீமெந்துக் கல்தான். கீழ் வரி மூட்டுக்கு மேல் கல்லின் நடு விழ வைத்துக்கொண்டே போவோம், வேறு யோசனை தேவையில்லை. தேர்வில் தந்ததோ செங்கல். ஒரு கல்லின் நீளமே தடிப்பான சுவர், மூலையோடு, ஆங்கிலக் கட்டு: ஒரு வரி முழுக்க நீட்டுக்கல் (சுவரின் நீளவாட்டில் கிடப்பது), அடுத்த வரி முழுக்கக் குறுக்குக்கல் (சுவரின் தடிப்புக்குக் குறுக்கே கிடப்பது). குறுக்கு வரியை மூலையிலிருந்து அப்படியே தொடங்கிவிட்டேன். தூக்குக்குண்டு பிசகவில்லை, மட்டமும் சரி. ஆனால் சுவர் பிழை.

ஏன் என்று கணக்குப் பாருங்கள். கல் 220 மி.மீ. நீளம், 105 அகலம், மூட்டு 10. இரண்டு குறுக்குக்கல்லும் நடுவில் ஒரு மூட்டும் சேர்ந்தால் 105, 10, 105, ஆக 220. கீழே நீட்டுக்கல்லும் அதே 220 இல்தான் முடிகிறது. மூட்டுக்கு நேர் மேலே மூட்டு. பாரம் ஏறினால் வெடிப்பு அந்த வழியாகவே ஓடும். இதைத் தடுக்கத்தான் மூலைக் குறுக்குக்கல்லை அடுத்து, நீளவாட்டில் பாதியாகப் பிளந்த கல்லை வைப்பது. குயின் குளோசர் என்று பயிற்சியில் சொல்வார்கள். அதை வைத்தால் அடுத்த குறுக்குக்கல்லின் நடுப்பகுதி கீழ் மூட்டை அப்படியே மூடிவிடும்.

படத்தைப் பத்துத் தரம் கீறியும் இது எனக்குப் பிடிபடவில்லை. பெரியப்பா முற்றத்தில் பழைய செங்கல்லைக் கொட்டி, சாந்தில்லாமல் அடுக்கச் சொன்னார். "மனே, கல்லப் பார்க்காத, மூட்டப் பார்" என்றார். சுண்டுவிரல் தடிப்புக்கு இடைவெளி விட்டு, நாலு வரி அடுக்கிக் கலைத்து, திரும்ப அடுக்கினேன். மூன்றாம் நாள் கை தானாகவே பிளந்த கல்லைத் தேடியது. நீங்களும் இதைச் செய்யாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

உயரத்துக்கு ஒரு சலாகையில் 75 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் உயரம் 65, சாந்து 10. நாலு வரிக்குச் சரியாக 300 வர வேண்டும். மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3, மறு பக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும்.

அப்புறம், கேள்வி கேட்பார்கள். கை தெரிந்தவர்கள் பலர் வாய் திறக்க முடியாமல் நிற்பது இங்கேதான். கல்லை ஏன் நனைக்கிறோம்? காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் சீமெந்து இறுகத் தண்ணீர் போதாது, கல்லும் சாந்தும் பிடிக்காது. கடல் மணலை ஏன் அப்படியே போடக்கூடாது? உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும், பூச்சு உரியும், கம்பி கிட்ட இருந்தால் துருப்பிடிக்கும். கடற்கரை ஓரம் வேலை செய்கிற நமக்கு இது தேர்வுக்கு மட்டும் உரிய பதில் இல்லை. 2004 சுனாமி வீடுகளைத் துடைத்துக்கொண்டு போன கரையில்தான் நாம் திரும்பவும் சுவர் எழுப்புகிறோம்.

தூக்குக்குண்டும் கரண்டியும் உங்களுடையதையே கொண்டு போங்கள். கை பழகாத கரண்டியில் சாந்து நிற்காது.