வரிக் கடைசியில் ஒளிந்திருந்த எழுத்து

நான் பராமரிப்பில் பங்கெடுக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் ரெப்போவுக்கு (நிரல் கோப்புகளை அவற்றின் மாற்ற வரலாற்றோடு வைத்திருக்கும் களஞ்சியம்) புதிதாக வந்த ஒருவர், தேதியைத் தப்பாகப் படிக்கும் ஒரு பிழையைச் சரிசெய்து, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தார். திருத்தம் மூன்றே வரி. நீக்கிய வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும் காட்டும் டிஃப்பைத் திறந்தால் கோப்பு முழுக்கச் சிவப்பு, அதற்குக் கீழே அதே கோப்பு முழுக்கப் பச்சை, 1,400 வரியை அழித்துவிட்டு 1,400 வரியைப் புதிதாக எழுதிய மாதிரி. எங்களில் ஒருவர் "தேவையில்லாத மாற்றங்களை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதி அதை மூடிவிட்டார். எது தேவையில்லாத மாற்றம் என்று வந்தவருக்குப் புரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் தொட்டது மூன்று வரி, அவர் திரையில் தெரிந்ததும் அந்த மூன்று வரிதான். அப்புறம் அவர் வரவே இல்லை.

இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து, மாற்றங்களைப் பதிவுசெய்ய நாங்கள் பயன்படுத்தும் கிட் மென்பொருளில் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்' என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பும் கிட்டுக்குள் எந்த வரிமுடிவோடு (வரி இங்கே முடிகிறது என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) இருக்கிறது, நம் டிஸ்க்கில் எந்த வரிமுடிவோடு இருக்கிறது என்று அது பக்கத்துப் பக்கத்தில் காட்டும். அந்தத் தேதிக் கோப்புக்கு எதிரே 'ஐ/சிஆர்எல்எஃப்' என்று வந்தது. அதாவது எங்கள் ரெப்போவுக்குள்ளேயே அது விண்டோஸ் பாணி வரிமுடிவோடுதான் பல வருடமாகக் கிடந்திருக்கிறது. அவருடைய எடிட்டர் சேமிக்கும்போது அதை யூனிக்ஸ் பாணியான எல்எஃப் ஆக்கிவிட்டது, அதனால் எல்லா வரியும் மாறியதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தப்பு முழுக்க எங்கள் பக்கம். முப்பது கோப்புகளுக்கு மேல் 'மிக்ஸ்டு', ஒரே கோப்பில் பாதி வரி இப்படி, பாதி வரி அப்படி.

இந்தக் குழப்பத்தின் வேர் டெலிடைப் என்ற தொலை அச்சு இயந்திரத்தின் காலத்தில் இருக்கிறது. அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி நகர்த்த இன்னொரு குறி. கேரேஜ் ரிட்டர்ன் (சிஆர்), லைன் ஃபீட் (எல்எஃப்), எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் 13, 10. இரண்டும் சேர்ந்தால் சிஆர்எல்எஃப். அந்த இயந்திரத்தில் இரண்டுக்கும் தனித்தனி வேலை இருந்தது. திரை வந்த பிறகு யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது, டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, பழைய மேக் 13 மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு ஓஎஸ் எக்ஸில் யூனிக்ஸ் வழிக்கு வந்தது. விண்டோஸின் நோட்பேட் 2018 வரை தனி 10-ஐ வரிமுடிவாக ஏற்கவே இல்லை, எல்லா வரியையும் ஒட்டிக் காட்டும்.

முதலில் நாங்கள் செய்தது, எல்லோரும் அவரவர் கணினியில், வரிமுடிவைக் கிட் தானாக மாற்ற வேண்டுமா என்று சொல்லும் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு பத்தி சேர்த்தது. இது வேலைக்கே ஆகாது. அந்த அமைப்பு ஆளுக்கு ஆள், கணினிக்குக் கணினி வேறு, புதுக் கணினி வாங்கினால் மறந்துபோகும். அந்தப் பத்தியைப் போட்ட பிறகுதான் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓட மறுத்து எனக்கு அரை நாள் போனது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, அனுமதியும் சரியாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்கிறது. பிழைச் செய்தியில், ஸ்கிரிப்டை ஓட்டும் நிரலான பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் '^எம்' என்று ஒட்டியிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தேன். எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியின் முடிவில் இருந்த 13-ஐயும் (அதுதான் '^எம்') பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு பாஷைத் தேடிக்கொண்டிருந்தது லினக்ஸ்.

சரி, ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ரெப்போவில் 13, 10 சேர்ந்து வந்த இடத்திலெல்லாம் 13-ஐ நீக்கினேன். அது தவறு. எங்களிடம் எச்டிடிபி (வலைத்தளங்களோடு பேசும் நெறிமுறை) தலைப்புகளைப் படிக்கும் பகுதிக்குச் சோதனைத் தரவு இருந்தது. அங்கே சிஆர்எல்எஃப் என்பது நெறிமுறையே கேட்பது, அதை எடுத்தவுடன் சோதனைகள் வரிசையாக விழுந்தன. படங்களும் திறக்கவில்லை. பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட்டில் 13, 10, 26, 10 என்று வரும். இப்படி யாராவது வரிமுடிவை மாற்றிக் கெடுத்தால் உடனே தெரியட்டும் என்றே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்கள் மேல் அன்றைக்கு எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினேன்.

விதி ஆட்களின் கணினியில் இல்லாமல் ரெப்போவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அதற்குத்தான் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பு. எல்லாவற்றுக்கும் 'டெக்ஸ்ட்=ஆட்டோ' (எது உரைக் கோப்பு என்று கிட்டே பார்த்து வரிமுடிவைச் சீராக்கும்), ஷெல் ஸ்கிரிப்டுக்கு எல்எஃப், விண்டோஸின் பேட்ச் (.bat) கோப்புக்கு சிஆர்எல்எஃப், படங்களுக்குப் பைனரி, அந்த எச்டிடிபி தரவுக்குக் கை வைக்காதே என்று '-டெக்ஸ்ட்'. ஆனால் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே சிஆர்எல்எஃப் ஆக உள்ளே போய்விட்ட கோப்பை 'ஆட்டோ' தொடாது. அதையும் புது விதிப்படி மாற்ற 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' என்று ஒருமுறை கொடுக்க வேண்டும், கிட் 2.16-இல் வந்த வசதி.

இந்த மாற்றத்தைப் பதிவுசெய்யும் கமிட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு காற்புள்ளித் திருத்தம் கூடக் கிடையாது. வரி முடிவிலுள்ள சிஆர்-ஐ ஒதுக்கிவிட்டு டிஃப் பார்த்தால், புதிதாகச் சேர்த்த விதிக் கோப்பைத் தவிர ஒன்றுமே தெரியக் கூடாது. ஆயிரக்கணக்கான வரியைச் சரிபார்ப்பவர் நம்புவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வழி இல்லை.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் பெயரைக் காட்டும் பிளேம் கட்டளை பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். இந்த கமிட்டுக்குப் பிறகு அந்தக் கோப்புகளில் எந்த வரியை யார் எழுதியது என்று கேட்டாலும் என் பெயர்தான் வரும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஏன் அந்த நிபந்தனையைச் சேர்த்தார் என்ற தடயம் என் பெயருக்கு அடியில் புதைந்துபோகும். நான் எழுதாத வரிக்கு என் பெயர் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2019-இல் வந்த கிட் 2.23 இதற்கு வழி செய்திருக்கிறது, புறக்கணிக்க வேண்டிய கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்து அதை பிளேமுக்குச் சொன்னால் போதும், அந்த கமிட்டைத் தாண்டி உண்மையில் எழுதியவரிடம் போய்விடும். அந்தக் கோப்பையும் ரெப்போவிலேயே சேர்த்தேன்.

திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட்கள் பதினொன்று. என் மாற்றமும் அவர்கள் மாற்றமும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும் மோதல்களோடு அனுப்பியவர்களைத் தனியாக விட மனம் வரவில்லை, ஒவ்வொன்றையும் நானே எடுத்து, மெர்ஜ் (இணைப்பு) செய்யும்போது 'ரீநார்மலைஸ்' விருப்பத்தைக் கொடுத்து, மாற்றங்கள் சரியாக வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு உரியவருக்கு எழுதினேன். இரண்டு மாலை ஆனது.

கடைசியாக, மூடிக் கிடந்த அந்தத் தேதித் திருத்தத்தைத் திறந்தேன். அவர் கிளையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, அதே விருப்பத்தோடு மெர்ஜ் செய்தேன், மோதல் எதுவும் வரவில்லை. டிஃப்பில் மூன்று வரி சிவப்பு, மூன்று வரி பச்சை. உங்கள் திருத்தம் முதலிலிருந்தே சரியாக இருந்தது, எங்கள் கோப்புதான் சரியாக இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அதன் கீழே எழுதினேன். பதில் வரவில்லை. இப்போது அந்த மூன்று வரிக்கு பிளேம் கேட்டால் அவர் பெயர் வருகிறது.