செப்பிக் ஆற்றங்கரையும் முனிச்சாலையும்

பப்புவா நியூ கினியில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. அந்த நாட்டின் வடக்கே, 1,100 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஓடி பிஸ்மார்க் கடலில் கலக்கிறது செப்பிக் ஆறு. கரை நெடுக சதுப்பு, முதலை, கொசு. சேகோ என்ற பனைவகை மரத்தின் தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப் பகுதியைக் கொத்தி, நீரில் அலசி எடுக்கும் மாவுதான் மக்களுக்குச் சாப்பாடு. கொஞ்ச தூரம் படகில் போனால் வேறு மொழி வந்துவிடும். சில மொழிகளுக்கு ஒன்றிரண்டு ஊர்கள்தான் சொந்தம்.

அதில் மனம்பு என்ற மொழி என்னை அப்படியே கட்டிப்போட்டுவிட்டது. மொழியியலாளர் அலெக்சாண்ட்ரா ஐகன்வால்ட் அதற்கு விரிவான இலக்கணம் எழுதியிருக்கிறார். நீளமான, பெரிய பொருள் ஆண்பால். குட்டையான, உருண்டையான பொருள் பெண்பால். வீடு பெரியதானால் ஆண்பால், சிறியதானால் அதே சொல் பெண்பால். உயர்திணை, அஃறிணை படித்து வளர்ந்த நமக்கு உலகத்தை இப்படியும் பிரிக்கலாம் என்பதே எவ்வளவு பெரிய சேதி!

செப்பிக் முகத்துவாரப் பக்கம் காப்புன் என்று ஒரு சிற்றூர். அதன் மொழி தாயாப். உலகத்தில் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு தெரியவில்லை. மானிடவியலாளர் டான் குலிக் 1980-களிலிருந்து அங்கே போய்வந்திருக்கிறார். இப்போது அதைப் பேசுபவர்கள் 50 பேர்கூட இல்லை. யாரும் தடை போடவில்லை, பெற்றோரும் மொழியை விட்டுவிடுவோம் என்று முடிவெடுக்கவில்லை. பிள்ளைகள்தான் பிடிவாதமாகப் பொதுமொழியான டோக் பிசினில் பேசுகிறார்கள் என்பது பெற்றோர் சொல்லும் காரணம். ஆனால் குலிக் கூடவே இருந்து கவனித்தது வேறு: பெரியவர்களே ஒன்றைத் தாயாப்பில் சொல்லிவிட்டு, உடனே டோக் பிசினிலும் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு எதற்குத் தாயாப்?

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் சௌராஷ்ட்ரர்கள், மதுரை முனிச்சாலைப் பக்கம் வீடு. தமிழ் எங்களுக்கு அந்நியமில்லை; படித்தது, பிழைப்பது, இதோ எழுதுவது எல்லாம் தமிழில்தான். வீட்டுக்குள் மட்டும் சௌராஷ்ட்ரம். என் சம்சாரம் பேரனைச் சௌராஷ்ட்ரத்தில் சாப்பிடக் கூப்பிடுவாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். அடுத்த மூச்சிலேயே, "டேய், சாப்பிட வாடா!" உடனே எழுந்து வருவான். காப்புனில் நடப்பதும் இதேதான்.

என் அக்கா அப்படியில்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள், கை வேலையில் இருக்க வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். பேரனிடம் எதையும் தமிழில் திருப்பிச் சொல்லமாட்டாள். புரியாவிட்டால் அதையே இன்னும் மெதுவாகச் சௌராஷ்ட்ரத்தில் சொல்வாள். அவளிடம் அவன் சௌராஷ்ட்ரத்தில்தான் பதில் சொல்கிறான், தப்புத் தப்பாக. அதனால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவனை நேரே அவள் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் மதுரைக்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள்.