கிரெண்டைசர் அரபு பேசிய வீடு

யூடியூபில் கார்ட்டூன் விமர்சகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நாற்பது வயது ஆட்கள், பின்னால் அலுமாரி நிறையப் பொம்மை. ஒரு பூனையின் வாய் எப்படிக் கீறப்பட்டிருக்கிறது என்று முக்கால் மணித்தியாலம் பேசுவார்கள். மட்டக்களப்பு கல்லடியில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இரவில் நான் பார்ப்பது இவர்களைத்தான். அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவான். பார்த்துவிட்டு நான் திட்டுவேன். அவன் இன்னொன்று அனுப்புவான்.

இவர்களின் பெரிய வழக்கு ஒன்றுதான்: பழையது நல்லது, புதியது குப்பை. 2018இல் 'தண்டர்காட்ஸ் ரோர்' வரப்போகிறது என்று அறிவித்தார்கள். 1985இல் வந்த, பூனை முக வீரர்களின் அமெரிக்கக் கார்ட்டூன் தண்டர்காட்ஸின் புதுப் பதிப்பு. முகமெல்லாம் உருண்டை, வாய் அவரைக்கொட்டை மாதிரி. முதல் பாகம் வெளிவந்ததே 2020இல்தான், ஆனால் ஏச்சு முழுவதும் 2018இலேயே முடிந்துவிட்டது. இந்த உருண்டை முகத்துக்கு 'கால்ஆர்ட்ஸ் பாணி' என்று பெயர் வேறு. கலிபோர்னியாவில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான் இப்படிக் கீறிக் கெடுத்தார்களாம். பட்டியலில் முதலில் வருவது 'ஸ்டீவன் யுனிவர்ஸ்'. அதை உருவாக்கிய ரெபெக்கா சுகர் படித்தது நியூயோர்க்கில், வேறொரு கல்லூரியில். மருமகனிடம் சொன்னேன். "மாமா, அது ஒரு பேச்சுக்கு" என்றான்.

சரி, பழையதாவது அப்படிச் சுத்தத் தங்கமா? ஹனா, பார்பெரா என்ற இரண்டு இயக்குநர்களும் எம்ஜிஎம் என்ற ஹொலிவூட் கம்பனியில் இருந்தபோது 1940 தொடக்கம் 1958 வரை டொம் அன்ட் ஜெரி படங்கள் 114 வந்தன, ஏழு ஒஸ்கார் எடுத்தன. எல்லாம் தியேட்டருக்காகச் செய்தவை, டிவிக்கு அல்ல. 1957இலேயே எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது, செய்து முடித்தவை அடுத்த வருடம் வரை வந்தன. அதே இரண்டு பேரும் டிவிக்கு வந்தார்கள், அங்கே காசும் இல்லை, நேரமும் இல்லை. அங்கே அவர்கள் செய்த யோகி கரடியின் கழுத்தில் ஏன் கொலரும் டையும் இருக்கிறது தெரியுமா? தலையை மட்டும் தனியாக ஆட்டினால் போதும், உடம்பைத் திரும்பக் கீறத் தேவையில்லை. வெட்டிய இடத்தை டை மறைக்கும். பக்ஸ் பன்னியை எத்தனையோ படங்களில் இயக்கிய சக் ஜோன்ஸ் இந்த வகை டிவி கார்ட்டூன்களைப் 'படம் போட்ட வானொலி' என்று நக்கலடித்தார். இன்று விமர்சகர்கள் கண்ணீர் விடும் ஸ்கூபி-டூ (1969) அந்த வானொலிதான். ஹீ-மேன் இன்னும் மோசம். 1982இல் மட்டெல் பொம்மை கடைக்கு வந்தது, 1983இல் அதை விற்கக் கார்ட்டூன் வந்தது. ஓடுகிற காட்சி ஒன்றைக் கீறி வைத்துக்கொண்டு பாகத்துக்குப் பாகம் ஓட்டினார்கள். எங்களுக்கு அந்தப் பொம்மை மட்டக்களப்புக் கடைகளில் கண்ணிலேயே படவில்லை. தென்னை மட்டையைச் சீவி வாள் செய்துகொண்டோம். பாவம் மட்டெல்.

ஆனால் எனக்கு இவர்களோடு இருக்கும் கணக்கு வேறு. படத்தின் கோடு, நிறம், வாய் எல்லாவற்றையும் பேசும் இவர்கள் மொழிமாற்றக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை, சொந்த மொழியில் கேட்டு வளர்ந்தவர்கள். எங்களுக்கு அப்படியா?

நான் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதி. எனக்குத் தெரிந்த முதல் ரோபோ கிரெண்டைசர், அது பேசியது அரபு. குவைத்தில் வேலை செய்த சித்தப்பா அங்கே டிவியில் பதிந்த கசெட்டுகளைப் பெட்டிக்குள் பால்மாவோடு கொண்டுவந்தார். 1975இல் ஜப்பானில் வந்த தொடர், பெய்ரூட்டில் அரபுக்கு மாற்றி அரபு நாடுகள் முழுக்க ஓடியிருக்கிறது. இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நாங்கள் நினைத்தது, விண்வெளியில் இருப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் போட்டால் வளவு நிறையச் சனம். பக்கத்து வீட்டுக் காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர், குர்ஆன் ஓதப் படித்தவர், ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது அவன் தகப்பனைக் கூப்பிடுறான் மனே" என்று விளங்கப்படுத்தினார். அதுவரை அது ஏதோ மந்திரம் என்றுதான் இருந்தோம்.

அப்புறம் ரூபவாஹினி, இலங்கை அரச டிவி. கமுக மரத்தில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் திருப்ப ஒருவர் உள்ளே இருந்து "ஆ, வந்திட்டு, விடு விடு" என்று கத்த, புள்ளி புள்ளியாகப் படம் வரும். கரண்ட் இல்லாத நாட்களில் கார் பற்றரி. அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவது என் வேலை. சிங்களப் பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று சிங்களத்தில் செய்திருந்தார், டொக்டர் டூலிட்டிலை 'தொஸ்தர ஹொந்த ஹித்த' என்று. சும்மா வசனத்தை மாற்றியவர் அல்ல. பாட்டும் பகிடியும் பேச்சும் அந்த ஊர்த் தெருவிலிருந்து வந்தன, அமெரிக்க முயல் கண்டி வீதியில் பிறந்தது போல இருந்தது.

எங்களுக்கு அந்த வயதில் சிங்களம் என்றால் சோதனைச்சாவடி. இறங்கு, நில், ஐசி (அடையாள அட்டை) எங்கே. அதற்கு மேல் ஒரு சொல் தெரியாது, தெரியவும் விருப்பமில்லை. அப்பா அந்தக் குரல் கேட்டாலே முகம் மாறிவிடுவார். அதே மொழியில் முயல் ஒன்று கரட்டைக் கடித்துக்கொண்டு துவக்குக்காரனை ஏய்த்தது. துவக்குக்காரன் தோற்கத் தோற்க அப்பாவும் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பாதி அந்த முயல் தந்ததுதான். கொழும்பில் வேலை செய்த காலத்தில் அது உதவியது, என்ன, சில இடத்தில் நான் பேசினால் சிரிப்பார்கள்.

தண்டர்காட்ஸ் வாய் உருண்டையா சதுரமா என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

மருமகன் கட்சி வேறு. அவன் தன்னைத் 'தொண்ணூறுகளின் பிள்ளை' என்கிறான். பிறந்தது 2001. அவன் உருகுவது சென்னையிலிருந்து வரும் சிறுவர் சனல் சுட்டி டிவிக்கு, அது தொடங்கியதே 2007 ஏப்ரலில். அந்த வருடத் தொடக்கத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஷெல் விழ, அக்கா குடும்பம் வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனத்தில் பெரும்பகுதி முகாம்களில். எங்கள் வீட்டில் கேபிள் இருந்தது. பொடியன் காலையிலிருந்து டிவிக்கு முன்னால். ஜாக்கி சான் கார்ட்டூனில் வரும் கிழட்டு மாமா தமிழில் ஏசினால் இவனும் எங்களை அப்படியே ஏசுவான். டோராவோடு சேர்ந்து "குள்ளநரி திருடக்கூடாது" என்று கத்துவான். ஊருக்குத் திரும்பிப் போனபோது அவன் வாயில் சென்னைத் தமிழ். கொக்கட்டிச்சோலையில் அவனுடைய அப்பம்மா, "என்னகா இவன் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறான்" என்று பயந்துவிட்டா.

சென்னைப் பொடியன்கள் சுட்டி டிவி ஞாபகம் என்று போடும் வீடியோக்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலை, பிஸ்கட், அம்மா என்று வரும். இவனும் அதற்குக் கீழே ஹார்ட் போடுகிறான். போடட்டும். ஆனால் அவனுக்கு ஜாக்கி சான் என்றால் பள்ளிக்கூடமே இல்லாத மாதங்கள், பதினொரு பேர் படுத்த ஹோல்.

அந்தத் தமிழ் மாமாவுக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். தேடினான், ஒரு பெயரும் உறுதியாகக் கிடைக்கவில்லை. வரைந்தவன் பெயர், எழுதியவன் பெயர், கொரியாவில் நிறம் போட்ட கம்பனியின் பெயர்கூட விமர்சகர்களிடம் இருக்கும். ஒரு தலைமுறைக்கே பேசக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் இல்லை. வீடியோ செய்வதென்றால் இதைச் செய்யடா என்றேன். வியூஸ் வராதாம்.

அப்படியென்றால் இன்னொன்று செய். 1941 தொடக்கம் 1943 வரை வந்த சுப்பர்மேன் கார்ட்டூன்கள் பதினேழும் இப்போது பொதுச்சொத்து. யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் சங்கீதமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், குரலுக்குப் பஞ்சமில்லை. மட்டக்களப்புத் தமிழில் ஒன்று செய்து பார்.

ஒரு நிமிடத் துண்டு செய்து போன கிழமை அனுப்பினான். விஞ்ஞானிக்கு அவனே குரல். சுப்பர்மேன் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்ககா" என்கிறான். நன்றாக இருக்கிறது. ஆனால் விஞ்ஞானி இன்னும் சென்னையில்தான் இருக்கிறார். திருத்தச் சொல்லியிருக்கிறேன். அக்கா போன் எடுத்து, அவன் வேலைக்கு அப்ளிகேஷன் போடட்டும், நீ வேற அவனைக் கெடுக்காத என்கிறா.