வேலை மேசையில் படித்த ஆங்கிலம்

வவுனியாவில் தமிழ் மொழிமூலம் வணிகப் பிரிவில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்கு வந்தவள் நான். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி. உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது என்பதால் எங்கள் வகுப்பில் யாரும் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து படித்த ஒரு மொழியில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேசையில் மணி அடித்த தொலைபேசியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

கோட்டைப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு முகவர் நிறுவனம். நான் ஆவணப் பகுதியில். சரக்கு ஏற்றியதற்கான பில் ஒஃப் லேடிங் தயாரிப்பது, சரக்கை எடுக்க விடும் டெலிவரி ஓடர் கொடுப்பது, வெளிநாட்டு முகவர்களுக்கு மெயில் அனுப்புவது, கொன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று கேட்டு அழைப்பு எடுக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது. இதையெல்லாம் இன்று பயமில்லாமல் ஆங்கிலத்தில் செய்கிறேன். அங்கே வந்து சேர்ந்த வழியை எழுதுவது, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இப்போது கொழும்புக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று நம்புகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஆங்கிலம் முழுவதையும் படித்து முடித்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மேசையில் நாளாந்தம் எந்த ஆங்கிலம் புழங்குகிறதோ அதை முதலில் பிடியுங்கள்.

கொழும்பில் ஏன் ஆங்கிலம் இவ்வளவு தேவைப்படுகிறது என்பது வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் அரசகரும மொழிகள் என்கிறது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. பாடசாலையில் அது ஒரு குடியியல் கேள்விக்கான பதில். அலுவலகத்தில் அது நடைமுறை. பக்கத்து மேசைச் சிங்கள அக்காவுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள ஆங்கிலத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. அவவுக்கும் அது தாய்மொழி இல்லை என்பதை நினைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. நினைத்த பிறகு கூச்சம் பாதியாகக் குறைந்தது.

முதலில் எல்லோரையும் போல வெள்ளவத்தையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போனேன். காலி வீதி நெடுகச் சுவர்களில் அப்படி எத்தனையோ விளம்பரங்கள் இருக்கின்றன. வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். வாய் திறந்து பேச அங்கே ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே நாங்கள் பேசியது விடுமுறையைப் பற்றி, பிடித்த உணவைப் பற்றி. மறுநாள் காலையில் ஒருவர் தொலைபேசியில் தன் சரக்குக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏன் கூடியது என்று கோபமாகக் கேட்கும்போது அந்தப் பேச்சு எதுவும் கைகொடுக்கவில்லை. முதல் பருவம் முடிந்ததும் நிறுத்தினேன்.

காதுதான் முதல் தடை. பேச முடியவில்லை என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி, எதிரில் இருப்பவர் சொன்னது பிடிபடவில்லை என்பதுதான். எங்கள் வேலையில் இது கொன்டெய்னர் இலக்கத்திலேயே தொடங்கிவிடும். உலகம் முழுதும் ஒரே முறை: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது பெரும்பாலும் 'யூ'. பிறகு ஆறு இலக்கத்தில் தொடர் எண், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. தொலைபேசியில் ஒருவர் வேகமாகச் சொல்லும்போது பீ, டீ, வீ எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். எம்மும் என்னும் ஒன்றுபோல. எங்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் தமிழ் எழுத்தில் 'பாட்டு'க்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'தான். கண் பழகிய விதத்தில் காதும் அந்த வேறுபாட்டைத் தள்ளிவிடுகிறது.

எங்கள் பகுதியில் மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு நானா இருந்தார், துறைமுக வேலையில் தலை நரைத்தவர். நான் ரிசீவரை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, விளங்கல்லண்டா விளங்கல்லண்டு சொல்லுங்க. அவங்களும் திருப்பித்தான் கேக்குறாங்க. ஆனா வெறுமனே 'வட்?' எண்டு கேக்காதீங்க. கேட்ட மட்டும் திருப்பிச் சொல்லி, மிச்சத்தக் கேளுங்க."

அந்த ஒரு அறிவுரை என் வேலையை மாற்றியது. 'சொரி, ஐ டிட்ன்ட் கெட் தட்' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். 'தேர்ட் லெட்டர், இஸ் இட் பீ ஃபோர் பிராவோ?' என்று கேட்டால் அந்த ஓர் எழுத்தை மட்டும் நிறுத்திச் சொல்வார். அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்ட்டா என்று விமானத்திலும் கப்பலிலும் பாவிக்கிற அந்த 26 சொல்லையும் ஓர் அட்டையில் எழுதிக் கணினித் திரையின் கீழே ஒட்டினேன். இலக்கங்களுக்கும் ஒரு வழி உண்டு. தேர்ட்டீனும் தேர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் தொலைபேசியில் குழம்பும். 'வன் த்ரீயா, த்ரீ ஸீரோவா' என்று ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிக் கேட்க வேண்டும். அனுபவசாலிகள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதைப் பிறகு கவனித்தேன். அது ஆங்கிலம் தெரியாததன் அடையாளம் இல்லை, வேலை தெரிந்ததன் அடையாளம்.

இன்னொன்று 'கேன்', 'கான்ட்'. வி கேன் ரிலீஸ் என்றால் சரக்கை விடலாம், வி கான்ட் ரிலீஸ் என்றால் விட முடியாது. கடைசியில் வரும் 'ட்' சத்தத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வேகமான பேச்சில் அந்த ட் கேட்காமலே போகலாம். கேட்க வேண்டியது அழுத்தத்தை. முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல் சுருங்கி 'க்ன்' என்று ஓடிவிடும், அழுத்தம் ரிலீஸில் விழும். முடியாது என்று சொல்லும்போது கான்ட் நீண்டு அழுத்தமாக வரும். இது தெரிந்த பிறகும், சந்தேகம் இருந்தால் 'ஸோ இட்ஸ் நொட் பொஸிபிள் டுடே?' என்று வேறு சொல்லில் கேட்டு உறுதி செய்வேன்.

இந்த அழுத்த விடயத்தை யாராவது பாடசாலையிலேயே சொல்லித் தந்திருக்கலாம் என்று எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் தத்தம் அளவுக்கு ஒலிக்கும், பெரும்பாலும் எழுத்தை விழுங்க மாட்டோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசையில் பாரம் விழுந்தால் மற்ற அசைகளின் உயிரொலி மங்கிப்போகும். எழுத்தைப் பார்த்துப் படித்த நாங்கள் எல்லா அசையும் முழுதாக வரும் என்று காத்திருக்கிறோம். அது வராது. அதற்குள் பேச்சு அடுத்த வசனத்துக்குப் போய்விடும்.

இதற்கு நான் செய்தது ரயிலில். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டை. காலைக் கூட்டத்தில் புத்தகம் பிடிக்க இடம் இருக்காது, காதில் எயார்ஃபோன் போடலாம். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதி ஆறு நிமிட நிகழ்ச்சிகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. முதல் நாள் எழுத்தைப் பாராமல் கேட்பேன். இரவில் எழுத்தைப் பார்த்து, எந்த இடம் பிடிபடவில்லையோ அதைக் கோடிடுவேன். மறுநாள் அதையே திரும்பக் கேட்பேன். கோடிட்ட சொற்களில் பெரும்பாலானவை எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்த சொல் வேறு உருவத்தில் ஒலித்திருக்கிறது, அவ்வளவுதான். புதிய சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இது பலமடங்கு பயன் தந்தது.

மெயில் எழுதுவது ஒப்பீட்டளவில் சுலபமாக வந்தது. எங்கள் பகுதியின் பொதுக் கோப்புறையில் பழைய மெயில்கள் வருடக்கணக்காக இருந்தன. மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கி அவற்றை வாசித்தேன். தாமதத்தை அறிவிப்பது, ஆவணம் கேட்பது, கட்டணத்தை நினைவூட்டுவது, பிழையைத் திருத்தச் சொல்வது என்று திரும்பத் திரும்ப வருபவை சில வகைகள்தான். ஒவ்வொரு வகைக்கும் நன்றாக எழுதப்பட்ட மெயில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் வசனங்களை ஒரு கொப்பியில் கையால் எழுதினேன். கணினியில் வெட்டி ஒட்டினால் கை பழகாது.

அதில் இரண்டு விடயம் கண்டேன். நாங்கள் தமிழில் கடிதம் எழுதும்போது காரணங்களை முதலில் அடுக்கி, வேண்டுகோளைக் கடைசியில் வைப்போம். நல்ல அலுவலக மெயில்களில் வேண்டுகோள் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடுகிறது, காரணம் பிறகு வருகிறது. மற்றது மரியாதை. தமிழில் 'அனுப்புங்கோ' என்றாலே மரியாதை அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். ஆங்கிலத்தில் சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ'. ஆகவே மரியாதையை வசனத்தின் அமைப்பில்தான் வைக்க வேண்டும். 'சென்ட் த டொகியுமன்ட்ஸ் டுடே' என்று நாங்கள் நல்ல மனதோடு எழுதினாலும் அது கட்டளையாகவே போய்ச் சேரும். 'குட் யூ சென்ட்', 'வுட் இட் பி பொஸிபிள்' என்ற உருவங்களை நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 'கைன்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பதைக் கைவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. எதை, எப்போதைக்குள் என்று எழுதினால்தான் மறுபக்கம் வேலை நடக்கும்.

உண்மையில் மிகவும் நாள் எடுத்தது மதியச் சாப்பாட்டு மேசை. வேலைப் பேச்சில் பொருள் முன்கூட்டியே தெரியும். அங்கே அப்படியில்லை. கிரிக்கெட், மார்ச் மாதம் வந்தால் பாடசாலைகளின் பிக் மெட்ச், யாருடைய கலியாணம், எந்த டொக்டரிடம் சனல் பண்ணுவது என்று பேச்சு தாவும். ஆங்கிலம் நடுவில் சிங்களமாகும், மறுபடி ஆங்கிலமாகும். நான் ஒரு வசனத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். கதை சொல்ல முயல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். 'தென் வட் ஹெப்பன்ட்?', 'டிட் ஷீ அக்ரீ?' என்று சின்னக் கேள்வி. கேள்வி கேட்பவள் பேச்சுக்குள்தான் இருக்கிறாள். மற்றவர் பதில் சொல்லும்போது எனக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும்.

வாய்ப் பழக்கத்துக்கு அனெக்ஸில் என்னோடு இருந்த ஹட்டன் பிள்ளைதான் துணை. அவள் ஒரு வங்கியில் வேலை. இரவுச் சமையல் நேரம் மட்டும் இருவரும் ஆங்கிலத்தில் கதைப்பது என்று முடிவெடுத்தோம். முதலில் இருவருக்கும் தயக்கமாக இருந்தது. "எடியே, ரெண்டு தமிழ்ப் பிள்ளையள் குசினிக்குள்ள நிண்டு ஏன் இங்கிலிஷ் கதைக்கிறியள்?" என்று வீட்டுக்கார அன்ரி கேட்டார். காரணத்தைச் சொன்னதும் அவவும் வந்து நின்று திருத்தத் தொடங்கினா. பழைய கொன்வென்ற் ஆங்கிலம் அவவுடையது, அவ்வளவு தெளிவு. அன்று அலுவலகத்தில் நடந்ததை இறந்த காலத்தில் சொல்வதுதான் எங்கள் பயிற்சி. தமிழில் 'சொல்லிட்டன்' என்ற ஒன்றில் முடிந்துவிடுவதை, ஐ டோல்ட் என்பதா ஐ ஹேவ் டோல்ட் என்பதா என்று பிரித்துப் பழகியது அந்தக் குசினியில்தான். நேற்று, காலையில் என்று நேரத்தைச் சொன்னால் முதலாவது. நேரம் முக்கியமில்லை, வேலை முடிந்திருக்கிறது என்பது மட்டும் முக்கியமென்றால் இரண்டாவது.

திருத்தச் சொல்லிக் கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். பிழையென்றால் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், மனம் நோகும் என்று விட்டுவிடுவார்கள். பக்கத்து மேசை அக்காவிடம், 'இந்தக் கிழமை என் மெயில்களில் காலத்தை மட்டும் பாருங்கள்' என்று கேட்டேன். ஒரு சின்ன வேலையாகக் கேட்டதால் அவ சந்தோஷமாகச் செய்தா. அடுத்த கிழமை முன்னிடைச் சொற்கள். பதிலுக்கு அவவின் மகனுக்குத் தமிழ் இரண்டாம் மொழிப் பாடத்தில் உதவினேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன்காரர் போலப் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். எங்கள் மெயில்களும் அழைப்புகளும் சிங்கப்பூருக்கும் டுபாய்க்கும் சென்னைக்கும் போகின்றன, மறுமுனையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போல ஆங்கிலத்தைப் படித்து எடுத்தவர்கள். இலங்கைத் தொனி யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 'ப' ஒலியும் 'ஃப' ஒலியும் பிரிய வேண்டும், அழுத்தம் சரியான அசையில் விழ வேண்டும், வேகம் நிதானமாக இருக்க வேண்டும். அது போதும்.

இப்போது காணொளிக் கூட்டங்களில் நான் குறிப்பு எடுக்கிறேன். அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். குறிப்பு எடுப்பவள் இடையில் நிறுத்திக் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை, 'கேன் ஐ ஜஸ்ட் செக் தட் ஃபோர் த மினிட்ஸ்?' என்றால் எல்லோரும் நின்று பதில் சொல்கிறார்கள். இந்த வருடம் கட்டணப் பேரம் பேசும் அழைப்புகளிலும் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே 'நீங்கள் இத்தனை கொன்டெய்னர் தந்தால் நாங்கள் இவ்வளவு குறைப்போம்' என்ற இஃப் வசனங்கள்தான் முழுக்க. மேலாளர் பேசும்போது அவற்றை அப்படியே எழுதி வருகிறேன். குசினியில் இப்போது அரிசி விலையை வைத்து அவற்றைத்தான் பேரம் பேசிப் பழகுகிறோம்.