தடைக்காலத்தில் படகேறும் எறும்பு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசியபடி துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எறும்பு ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான். தடை முடிந்து கடலுக்குப் போன முதல் ராத்திரி, சீனி டப்பாவிலும் படுக்கைத் துணியிலும் ஊரும்போதுதான் ஆட்களுக்கே தெரியவரும். அதற்குள் வீல் ஹவுஸ் எனப்படும் படகோட்டும் அறையின் பலகைக்குப் பின்னால் அது குடும்பம் நடத்த ஆரம்பித்திருக்கும்.

உடனே ஸ்ப்ரே வாங்கி அடிப்பதுதான் எல்லாரும் செய்வது. அதைத்தான் செய்யக்கூடாது. வெளியே அலைபவை கூட்டில் ஒரு சின்னப் பங்கு. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு வகைச் சிற்றெறும்பு உண்டு; பாரோ எறும்பு என்பார்கள். அதன் ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து வாடை பட்டதும் முட்டை, புழுவைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் பிரிந்து போய்ப் புதுக்கூடு வைத்துவிடும். ஒரு கூட்டை அடித்து மூன்று கூடாக்கிய கதைதான். தவிர, பல ஸ்ப்ரே டின்களில் உந்துவாயு எரியும் வாயு. இன்ஜின் ரூமிலும் அடுப்புப் பக்கத்திலும் அது நெருப்போடு விளையாட்டு. எறும்புச் சாக்குக்கட்டியிலும் ஸ்ப்ரேயிலும் இருக்கும் சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஐஸ் பெட்டிப் பக்கம் அவை போகவே கூடாது. நெல் மூட்டைக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரையைப் படகுக்குள் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஈரம் பட்டால் அதிலிருந்து வரும் வாயு, உள்ளே படுப்பவர்களைக் கொன்றுவிடும். வேண்டவே வேண்டாம்.

முதலில் பாலத்தை அறுக்க வேண்டும். கட்டுக்கயிறு, ஏறும் பலகை, கரையிலிருந்து இழுத்த கரன்ட் ஒயர், பக்கத்துப் படகில் முட்டும் டயர், எல்லாமே எறும்புக்குப் பாதைதான். கயிற்றிலும் ஒயரிலும் ஒரு முழ நீளத்துக்கு பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். கயிற்றில் நேராகத் தடவினால் கை வழுக்கும், மண்ணும் ஒட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். தூசி படிந்த கிரீஸ் மேல் எறும்பு சாதாரணமாக நடந்து வரும். பலகையை வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

பிறகு இரை. வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டர், சீனி 50 கிராம், போரிக் அமிலம் 5 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். போரிக் கிடைக்காத இடத்தில், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பொரிக்காத வெண்காரம் ஏழரை கிராம் போடலாம். 'கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே' என்ற ஆசைதான் காரியத்தைக் கெடுக்கும். அளவு ஏறினால் எறும்பு வாய் வைக்காது. வைத்தாலும் ராணிக்கு ஊட்டுவதற்குள் வழியிலேயே செத்துவிடும். மெதுவாகக் கொல்வதுதான் இந்த மருந்தின் பலம்.

தண்ணீர் பாட்டில் மூடியில் பஞ்சு வைத்து இதில் நனைத்து, எறும்புச் சாரையின் ஓரத்தில் வையுங்கள். சிந்திய சோறு, மீன் செதில், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். சாரை போகும் தடத்தை மட்டும் துடைக்காதீர்கள். அந்தத் தடம்தான் மற்ற எறும்புகளை மூடிக்குக் கூட்டி வரும். டார்ச் அடித்துக் கிட்ட நின்று பாருங்கள்: வயிறு ஒட்டி வந்த எறும்பு, பஞ்சில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, கண்ணாடி மணி போல வயிறு உப்பித் திரும்பும். அது எந்த ஆணித் துளைக்குள், எந்த ஒயர் இடுக்குக்குள் நுழைகிறதோ, கூடு அங்கேதான். முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகும். பயந்து மூடியை எடுத்துவிடாதீர்கள்.

வெயிலில் தண்ணீர் வற்றினால் மருந்தின் அளவு தானே ஏறிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவும். சீனிக்கு வராத எறும்புக்கு, கருவாட்டுத்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, நூறு கிராமுக்கு ஒரு கிராம் போரிக் கலந்து வையுங்கள். மீதிக் கரைசல் பார்க்கச் சர்க்கரைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். பாட்டிலில் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, சமையல் சாமானிலிருந்து தள்ளி வையுங்கள். முட்டையிலிருந்து வேலைக்கார எறும்பாக வளர ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஆகவே சாரை நின்ற பிறகும் இரை இருக்கட்டும். தடைக்காலத்தின் முதல் வாரமே தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

கட்டெறும்பு என்றால் கணக்கே வேறு. அது மரத்தைத் தின்பதில்லை. ஊறி இளகிய மரத்தைக் குடைந்து குடியிருக்கும். பலகைக்குக் கீழே மரத்தூள் உதிர்ந்திருந்தால், அங்கே மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். மண் பூசியிருந்தால் அது கரையான். வீல் ஹவுஸ் ஜன்னல் மூலையையும், பைபர் போர்த்திய மரத்தில் வெடிப்பு விட்ட இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை பொதக்கென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றி, ஒழுக்கை அடைக்காமல் எந்த மருந்தும் நிற்காது.

ரிலே, ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு நசுங்கிக் கிடந்தால் கான்டாக்ட் ஒட்டாது. பேட்டரியைக் கழற்றிய பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்; உள்ளே எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

கடைசியாக வலை. கரையில் மாதக்கணக்கில் குவித்து வைத்த வலையின் அடியில் ஒரு கூடே இருக்கலாம். ஏற்றுவதற்கு முன் உச்சிவெயிலில் விரித்துப் போட்டு, மடிப்பு மடிப்பாக உதறி, பிறகு படகில் தூக்கிப் போடுங்கள்.