மேல்காட்டு நீலப்பூ: பர்ரன் நாட்குறிப்பு

மே 14, 2024, செவ்வாய்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வேயில் 350 எண் பேருந்து பிடித்தேன். கின்வாரா தாண்டியதும் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் சாம்பல் பூசிய மாதிரி பர்ரன் மலைகள். கால்வேயில் படித்த நாட்களில் மாதம் ஒரு சனிக்கிழமையாவது இந்த வழியாக வந்துவிடுவேன். இப்போது 9 வருஷம் கழித்து.

பாலிவான் நிறுத்தத்தில் வீட்டுக்கார அம்மாவே காரோடு நின்றிருந்தார். “இளைச்சுட்டே”, அவ்வளவுதான் சொன்னார். அவருடைய கணவர் இல்லாத வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். கதவோரம் அவருடைய ரப்பர் பூட்ஸ் அப்படியே இருக்கிறது.

மே 15, புதன்

காலையிலேயே மேல்காட்டுக்கு ஏறினேன். மேல்காடு என்பது அவர்களுடைய மலை மேய்ச்சல் நிலத்துக்கு நான் வைத்த பெயர். இங்கே அதை விண்டரேஜ் என்பார்கள். மற்ற ஊர்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், இங்கே நேர்மாறு. அக்டோபர் கடைசியில் ஏற்றினால், கோடை வருமுன் இறக்குவார்கள். சுண்ணாம்புக்கல் வெயில் காலத்துச் சூட்டைப் பிடித்து வைத்திருந்து குளிரில் மெல்ல விடுகிறது. தரை காய்ந்திருப்பதால் மாடு படுக்கவும் தோது. குளிர்காலம் முழுக்க மாடுகள் காய்ந்த புல்லையும் ஹேசல் புதரின் துளிரையும் தின்றுவிட்டால், வசந்தத்தில் சின்னப் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

அம்மாவின் கணவர் போனதும் மாடுகளை விற்றுவிட்டார்களாம். நாலு குளிர்காலம் மாடு ஏறவில்லை. நான் நடந்த பாதையைக் காணோம். கல்சுவரைத் தாண்டி ஹேசல் இடுப்பளவு நிற்கிறது. புல் பாய் மாதிரி மடிந்து கிடக்கிறது. மேகமூட்டம் வேறு. தேடி வந்த நீலப்பூ, ஜென்ஷன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு கல் பிளவுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம், குளிர்ச்சி, மாட்டு நாக்கு போல நீண்ட ஃபெர்ன் இலை. அது மட்டும் மாறவில்லை.

மனசு கனத்துத்தான் இறங்கினேன்.

மே 16, வியாழன்

நாள் முழுக்க மழை. கோர்கம்ரோ மடத்துக்குப் போய்க் கூரையில்லாத கூடத்தில் குடையோடு நின்றேன். 13-ஆம் நூற்றாண்டில் எழும்பிய கட்டடம். துறவிகள் அதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு, வளம் தரும் பாறையின் மரியாள் என்று அர்த்தம். இந்த மண்ணைப் புரிந்துகொண்டவர்கள் வைத்த பெயர்.

மே 17, வெள்ளி

வெயில்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

மேல்காட்டின் மேற்கு மூலையில், மண் மெலிந்து கல் தெரியும் இடத்தில், 11 பூக்கள். புதனன்றும் இங்கேதான் இருந்திருக்கும். மேகம் போட்டால் ஜென்ஷன் இதழை முறுக்கி மூடிக்கொள்ளும், அதை எப்படி மறந்தேன்? மண்டியிட்டுக் குனிந்தேன். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ, ஐந்து இதழ், நடுவில் வெள்ளைப் புள்ளி. சொட்டுநீலம் வாளித் தண்ணீரில் விழுந்த அந்த நொடியில் இருக்குமே, அந்த நிறம்.

இறங்கி வந்து, “ரம்பம் கொடுங்க, அந்தப் பக்கத்து ஹேசலையாவது வெட்டிட்டுப் போறேன்” என்றேன். அம்மா தலையாட்டினார். மார்ச் முதல் ஆகஸ்ட் முடியப் புதரில் கை வைக்கக் கூடாது, பறவை கூடு கட்டியிருக்கும், சட்டமும் அதுதான். “செப்டம்பர்ல ஆள் சொல்லியிருக்கேன். அக்டோபர் கடைசியில பக்கத்துப் பண்ணைக்காரர் அவர் மாட்டை ஏத்துறேன்னு ஒத்துக்கிட்டார்.”

மாடு ஓட்ட ஆள் போதுமா என்று கேட்டேன். வாசலில் இருந்த பூட்ஸைப் பார்த்தார். “உன் கால் அளவு என்ன?”

மே 18, சனி

பேருந்தில் எழுதுகிறேன். அக்டோபர் கடைசி வாரத்துக்கு லீவு கேட்டு மெயில் போட்டாயிற்று. பூட்ஸ் ஒரு அளவு பெரிசு, ரெண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கும்.