வெயிலில் தூண்டில் போட எந்தச் சட்டை? போட்டுப் பார்த்தவரை

ராடு, ரீல், லூர் (செயற்கை இரை) பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். உடம்பில் கிடக்கும் சட்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் நின்று வீச முடிகிறதா, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானா என்பது பாதிக்கு மேல் சட்டையின் கையில் இருக்கிறது. இந்தப் பங்குனியிலிருந்து சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, தோன்றியதை எழுதி வைத்து வருகிறேன்.

நான் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று பழவேற்காடு, முகத்துவாரத்துப் பக்கம், கொடுவாவுக்காக. இன்னொன்று ஆம்பூர் பக்கம் மாமனார் ஊர் ஏரி, விராலுக்காக (மீன் குத்தகை எடுத்தவர் தெரிந்தவர், அதனால் பேச்சு வராது). முதலாவதில் உப்புக் காற்றும் புழுக்கமும். இரண்டாவதில் காய்ந்த வெயில், மே மாத மதியம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே சட்டை ஒத்துவராது என்பதுதான் இதுவரை கிடைத்த முடிவு. கடைகளில் "வெயிலுக்கு ஏற்றது" என்று ஒரே சீட்டை எல்லாச் சட்டையிலும் ஒட்டிவிடுகிறார்கள். எந்த ஊர் வெயில் என்று அதில் இருப்பதில்லை.

முதலில் பீரோவில் இருந்ததையே எடுத்தேன்: திருப்பூர் வெள்ளைப் பருத்தி டி-சர்ட். போட்டதும் சுகமாகத்தான் இருக்கிறது. பழவேற்காட்டில் படகு ஏறி அரை மணி நேரத்தில் முதுகு நனைந்தது, அதற்கப்புறம் வீடு திரும்பும் வரை காயவே இல்லை. பருத்தி தண்ணீரை நூலுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே அதன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரம் இருக்கும். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. வீட்டில் சமையல் தராசில் வைத்தும் பார்த்தேன். நனைத்துக் கையால் பிழிந்த பருத்தி டி-சர்ட் 160 கிராமிலிருந்து 300-ஐத் தொட்டது. அதே அளவு பாலியஸ்டர் 140-லிருந்து 200-ஐத் தாண்டவில்லை. மனைவி தராசைப் பிடுங்கிக்கொண்டதால் மற்ற துணிகளுக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை.

வெயிலைத் தடுப்பதிலும் வெள்ளை டி-சர்ட் சுமார்தான். துணிக்கு யுபிஎஃப் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் தரநிலையாகக் கொண்டுவந்தது. யுபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டும் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-சர்ட் 5-லிருந்து 8-க்குள் நிற்கும், நனைந்தால் அதிலும் பாதிக்கு இறங்கிவிடும். தண்ணீர் மேல் நிற்பவனுக்கு மேலேயிருந்தும் வெயில், கீழேயிருந்தும் வெயில். முகவாய்க்கு அடியில் கறுப்பது அதனால்தான்.

சித்திரை பிறந்ததும் கடலோரத்துக்கென்று பாலியஸ்டர் முழுக்கை டி-சர்ட் ஒன்று வாங்கினேன். கிரிக்கெட் ஆடுபவர்கள் 'டிரை ஃபிட்' என்பார்களே, அதுதான். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் நானூறு ரூபாய்க்குள். வாங்கும்போது இரண்டு வேலை செய்தேன். துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதிப் பார்த்தேன்; எதிர்ப்பக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட வேண்டும். அப்புறம் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர். நல்ல துணியில் சொட்டு நிற்காமல் ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவும். மட்டமான துணியில் குமிழாக உட்கார்ந்திருக்கும், அப்படியென்றால் வியர்வையும் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

புழுக்கத்தில் இந்தப் பரவல் ஏன் முக்கியம் என்றால், சொட்டி விழும் வியர்வையால் உடம்பு குளிராது. ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடலோரத்தில் காற்றே ஈரம் குடித்துக் கிடப்பதால் ஆவியாதல் மந்தம். அதனால் ஈரத்தை அகலமாகப் பரப்பி, வீசுகிற காற்றுக்குக் காட்டுகிற துணிதான் அங்கே தேவை. பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது. இழைகளுக்கு நடுவிலுள்ள சந்து வழியாகக் கடத்திவிடும். பழவேற்காட்டில் காற்று இருந்த நாட்களில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. படகு ஓடும்போது முதுகு சில்லென்று ஆகி, நங்கூரம் போட்டு வீச ஆரம்பிப்பதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

காற்று நின்றுபோன நாளில் அதே சட்டை ஒட்டிக்கொண்டது. அங்கேதான் அளவு உள்ளே வருகிறது. உடம்பைப் பிடிக்கிற சட்டை என்னதான் நவீனத் துணியானாலும் தோலுக்கும் துணிக்கும் நடுவே காற்று புகாது. 1980-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, பாலைவனத்துப் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று பார்த்தது. கறுப்பு அங்கி கூடுதலாக வெப்பத்தை இழுக்கிறது, ஆனால் அந்தக் கூடுதல் தோலை எட்டுவதற்குள் போய்விடுகிறது. வெள்ளை அங்கி போட்டாலும் உடம்புக்கு வரும் வெப்பம் அதே அளவுதான் என்பது முடிவு. தளர்வான அங்கிக்குள் காற்று ஓடுவதுதான் காரணம். இதைப் படித்ததற்கப்புறம் என் அளவுக்கு ஒன்று மேலே, 'எக்ஸ்எல்' எடுக்க ஆரம்பித்தேன். நிறத்தில் மட்டும் இன்னும் வெளிர் நீலம், சாம்பல் பக்கம்தான் நிற்கிறேன். கறுப்புச் சட்டையோடு மே மாதம் படகேற எனக்குத் துணிச்சல் இல்லை.

தடைக்காலமும் கத்திரியும் சேர்ந்து வரும் நாட்கள் இவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மீன் விலை ஏறும், தூண்டில் ஆசையும் கூடவே ஏறும். அந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் மீன்பிடிக்கென்றே தைத்த பித்தான் சட்டை ஒன்றை இரவல் தந்தார். நெஞ்சில் இரண்டு பெரிய பை, கையை மடித்து மாட்ட ஒரு பட்டி, முதுகில் தோளுக்குக் கீழே துணி மூடிய வலை ஜன்னல். பார்க்கப் பிரமாதம். படகில் ஏறி லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன். படகுக்கார அண்ணன் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஜன்னல் வச்ச சட்டையாச்சே, அதை ஜாக்கெட் போட்டு மூடிட்டியே. காத்து எப்படிப் போகும்?" என்றார். "அதைக் கழட்ட முடியாதேண்ணே" என்றேன். "ஜாக்கெட்டைக் கழட்டாத. சட்டையை மாத்து" என்றார்.

சரியான பேச்சு. படகில் போகிறவனுக்கு முதுகு ஜன்னலால் ஒரு பயனும் இல்லை. பை மாட்டிக்கொண்டு கரையில் நடக்கிறவனுக்கும் அப்படியே. ஜாக்கெட் மூடாத இடங்கள் அக்குளும் கையும் கழுத்தும்தான். காற்று புகும் வழி அங்கே இருக்க வேண்டும். அந்த அண்ணன் போட்டிருந்தது காலர் கிழிந்த பழைய முழுக்கைச் சட்டை, இரண்டு ஆள் நுழையலாம் போல் தொளதொளவென்று, கழுத்தில் துண்டு. இத்தனை நாள் நான் தேடியதில் பாதி அந்தச் சட்டையிலேயே இருந்தது.

ஹூடி வைத்த மெல்லிய டி-சர்ட்டும் இப்போது பிரபலம். தொப்பிக்கு மேல் ஹூடை இழுத்துவிட்டால் காதும் பிடரியும் தப்பிக்கும், அது நிஜமாகவே நல்ல ஏற்பாடு. கை நுனியில் கட்டை விரலுக்கு ஓட்டை வைத்திருப்பார்கள், புறங்கை கறுக்காமலிருக்க. இறால் கோக்கிற ஆளுக்கு அது வேண்டாம். அரை மணியில் அந்தத் துணி முழுக்க இறால் தண்ணீரும் மீன் வழுவழுப்பும் ஏறி, திரும்பி வரும்போது காரில் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். லூர் மட்டும் வீசுகிறவர் தாராளமாக வாங்கலாம். இன்னொன்று, பெரிய கண் வைத்த வலைத் துணியில் ட்ரெபிள் ஹூக் (மூன்று முனைத் தூண்டில் முள்) மாட்டினால் எடுப்பதற்குள் உயிர் போகும். நெருக்கமாக நெய்த துணியில் ஒரு சின்ன ஓட்டையோடு வந்துவிடும்.

இனி ஆம்பூர். பாலியஸ்டரை அங்கே போட்டுக்கொண்டு போனேன். கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் காய்ந்த காற்றில் வியர்வை வந்த வேகத்தில் போய்விடுகிறது, சட்டை சட்டென்று காய்ந்து, அப்புறம் வெறும் சூடுதான். அடுத்த முறை தளர்வான கைத்தறிச் சட்டை. ஏரியில் முங்கி எடுத்து, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மண்பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி. கடலோரத்தில் பருத்தியின் குறை எதுவோ, இங்கே அதுதான் அதன் நிறை: ஈரத்தை நிறையப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கழுத்தில் நனைத்த ஈரிழைத் துண்டு இருந்தால் நண்பகல் வரை தவளை லூர் வீசலாம்.

கைத்தறியிலும் பார்த்து எடுக்க வேண்டும். மல் துணி காற்றை அழகாக விட்டது, வெயிலையும் விட்டது. சாயங்காலம் தோள்பட்டையில் எரிச்சல். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விரல்களின் உருவம் தெளிவாகத் தெரியும் துணி வேண்டாம். நிழல் போல் மங்கலாகத் தெரிந்தால் போதும். ரேயான் கடையில் தொட்டதும் சில்லென்று இருக்கும், ஏமாற வேண்டாம். நனைந்தால் கனத்துத் தொங்கும், இழையின் வலுவும் பாதியாகிவிடும். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது அதே ரேயான் வகைதான், விலை மட்டும் வேறு.

கத்திரியில் பழவேற்காட்டிலேயே ஒரு விஷயம் கவனித்தேன். மே மாதம் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும் நாட்களில் அங்கேயும் ஆம்பூர் போலவே காய்ந்த சூடு. கடல்காற்று உள்ளே வர மதியமாகிவிடும். அந்தக் காலை நேரத்தில் கைத்தறி பாலியஸ்டரை ஜெயித்தது. கடல்காற்று திரும்பியதும் பிசுபிசுப்பு, ஆட்டம் தலைகீழ். இப்போது பையில் இரண்டும் இருக்கும். கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுகிறேன்.

துவைப்பது பற்றிக் கொஞ்சம். உப்புத் தண்ணீர் பட்ட சட்டையை வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அடுத்த முறை போடும்போதே நசநசக்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் துணி மென்மையாக்கும் திரவம் பாலியஸ்டருக்கு ஆகாது. இழை மேல் படிந்து, வியர்வை பரவுவதைக் கெடுத்துவிடும். பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் பருத்தியைவிடச் சீக்கிரம் ஏறும். கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடுகிறது.

இப்போது எங்கள் தெருத் தையல்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். மெல்லிய பாலியஸ்டர் துணி, தொளதொளப்பான முழுக்கை, காலர், அக்குளில் உள்ளங்கை அகலத்துக்குச் சன்னக் கண் வலைத் துணி. கையைத் தூக்கி வீசும்போது சட்டை இடுப்பிலிருந்து மேலே ஏறாமலிருக்க அக்குளில் ஒரு சதுரத் துண்டு சேர்க்கச் சொன்னேன். "ஜிப்பாவுக்கு வைக்கிற மாதிரிதானே?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முதுகு ஜன்னல் கிடையாது. நெஞ்சில் ஒரு பை, அதுவும் ஜாக்கெட் பட்டை படாத உயரத்தில். அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; தையல்காரர் வாரம் எப்போது முடியும் என்பது உங்களுக்கும் தெரியும். வந்ததும் லைஃப் ஜாக்கெட்டோடு போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.